படித்துப் புரிந்துகொண்டேன்

அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளி உக்காந்தா நானும் இங்கன இருந்துக்கிடுவேன். பின்னால ரெண்டு சீட்டு மாறி உக்காந்து பாத்துட்டேன், எங்கயும் இருப்பு கொள்ளல. பை இடிக்கா? மடியில வச்சுக்கிடுதேன். கீழ வைக்க முடியாது பாத்துக்கிடுங்க, உள்ள ஆபீஸ் தபால் இருக்கு. மடியில கனம் இருந்தாத்தான் வழியில பயம்ம்பாவ. எனக்கு என்ன கனம், ஒரே ஒரு கவரு.

டிக்கெட்டு எடுக்கலயேன்னு பாக்கீயளா? எனக்குப் பாஸ். நான் இந்தப் போக்குவரத்துக் கழகத்துலதான் வேலை பாக்கேன். வேலங்குளம் டெப்போவுல கண்காணிப்பாளர். பேரு கோமதிநாயகம். முப்பத்தோரு வருச சர்வீஸு. ஒரு மெமோ கிடையாது. இல்ல, ஒண்ணு உண்டு, அதையும் சொல்லுதேன்.

பஸ்ஸுன்னா உங்களுக்கு டிரைவரும் கண்டக்டரும்தான் தெரியும். உள்ள ஒருத்தன் உக்காந்து மேல உள்ளவிய சொல்லதைக் கீழ சொல்லணும், கீழ நடக்கதை மேல சொல்லணும். அவன் இல்லைன்னா வண்டி நகராது. அந்த ஒருத்தன் நான்தான். சொன்னா யாரு நம்புதா? என் வீட்டுலயே நம்பல. 'பேப்பரை அங்கயிருந்து இங்க வைக்கதுக்கு ஒரு ஆபீசரா'ன்னு கேக்கா என் பொஞ்சாதி.

மணி என்ன அண்ணாச்சி? நாலா? அப்ப இன்னும் முக்கால் மணி நேரம். இந்த டிரைவரு நல்லா வெரட்டுதான். அவ்வளவு வேகம் வேண்டாம், என்ன அவசரம்.

சர்க்குலர்னு ஒண்ணு இருக்கு, கேள்விப்பட்டிருப்பீய. மாசத்துக்குப் பத்து, பதினைஞ்சு வரும். கண்ணாடியில மாலை தொங்கப் போடாதே. செல்போன் தொடாதே. பொம்பளைக வண்டியில ஏறுனா மரியாதையாப் பேசு. சட்டைக்குப் பொத்தானைப் போடு. எல்லாத்தையும் எம்பத்துநாலு டிரைவரும் படிச்சு, 'படித்துப் புரிந்துகொண்டேன்'னு கையெழுத்துப் போட்டு, அந்தத் தாளு மண்டல ஆபீசுக்குப் போவணும். அதுதான் ஒப்புகை.

எம்பத்துநாலு பேரை எங்க போய்ப் பிடிக்க? ஒருத்தன் விடியக்காலம் வண்டி எடுக்கான், ஒருத்தன் மத்தியானம் வாரான், ஒருத்தன் ஏதோ ஒரு ஊருல ஹால்ட்டு. கையெழுத்து பூராவும் சேர பன்னெண்டு நாளு ஆயிரும். அதுக்குள்ள மேல இருந்து நினைவூட்டு ஒண்ணு, நினைவூட்டு ரெண்டு, நினைவூட்டு மூணு. மூணாவதுக்கும் பதில் போகலன்னா எனக்கு மெமோ. சொன்னேம்லா, அந்த ஒரு மெமோ அதுதான். எம்பத்துநாலு பேரு படிக்காததுக்கு ஒருத்தனுக்கு மெமோ. எந்த ஊரு ஞாயம் இது?

வாட்ஸாப்பு குரூப்பு போடச் சொன்னாவ. போட்டேன். நான் சர்க்குலரைப் போட்டு முடிக்கதுக்குள்ள நாப்பது பேரு ரோசாப்பூவோட காலை வணக்கம் போட்டுருதானுவ. எவனுக்கோ பேரன் பொறந்தா அதுக்கு ஒரு நூறு வாழ்த்து. சர்க்குலரு எங்கனயோ அடியில கெடக்கும். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவான், படிச்சியாலேன்னு கேட்டா 'எதை சார்?'ம்பான்.

அப்பதான் நான் ஒரு வழி கண்டுபிடிச்சேன். சிரிக்காம கேளுங்க. ஒண்ணாம் தேதி ஆனா டூட்டி சார்ட்டு போடுவோம். எவனுக்கு எந்த ரூட்டு, எந்த ஷிப்டுன்னு தெரியணும்லா, அன்னைக்கு எல்லாப் பயலும் என் மேசைக்கு வந்தே ஆவணும். அந்த நேரம் பாத்து, ஒப்புகைத் தாளுல இருபதை நம்பரும் தேதியும் இல்லாம வெறுசா அடுக்கி வச்சுருவேன். மேல 'படித்துப் புரிந்துகொண்டேன்'னு அச்சடிச்சிருக்கும், கீழ எம்பத்துநாலு பேரு. இருபதுலயும் கையெழுத்தைப் போடு, சார்ட்டைப் பாரு, போ. சர்க்குலர் என்னைக்கு வருதோ அன்னைக்கு நம்பரை எழுதி, தேதி சீலைக் குத்தி அனுப்பிர வேண்டியது. காலையில வந்த சர்க்குலருக்கு சாயங்காலம் ஒப்புகை. எப்படி?

சும்மா சொல்லக்கூடாது, மூணே மாசத்துல வேலங்குளம் மண்டலத்துல முதல் டெப்போ. பொது மேலாளரு கூப்பிட்டுக் கை குடுத்தாவ. பயிற்சி வகுப்பு ஒண்ணு வச்சு, 'நிறுவனத்தில் உள்தகவல் தொடர்பு'ன்னு தலைப்பு போட்டு என்னைப் பேசவே சொல்லிட்டாவ. மைக்குல முக்கால் மணி நேரம் பேசுனேன். 'தகவல் என்பது ரத்த ஓட்டம் மாதிரி'ன்னு ஆரம்பிச்சேன், ஒரே கைதட்டு. சர்ட்டிபிகேட்டுக்கு பிரேம் போட்டு மாட்டியிருக்கேன். இப்பம் பதினோரு டெப்போவுலயும் என் முறைதான். இதை மனசுல வச்சுக்கிட்டு மேல கேளுங்க. பதினோரு டெப்போ.

இந்த ஜன்னலைக் கொஞ்சம் ஏத்துவமா? காத்து அடைச்ச மாதிரி இருக்கு. தொறந்துதான் இருக்கா? சரி, இருக்கட்டும்.

எங்க டெப்போவுல ஞானதுரைன்னு ஒரு டிரைவர். அம்பத்தொம்பது வயசு. ரிட்டயர்டு ஆக இன்னும் பதினோரு மாசம். தங்கமான மனுசன், ஆனா ஒரு கோட்டி உண்டு. எதையும் படிக்காம விடமாட்டாரு. காலையில வந்ததும் கண்ணாடியை மாட்டிக்கிட்டு நோட்டீஸ் போர்டு முன்னால நிப்பாரு. போன வருசத்து நோட்டீஸையும் படிப்பாரு. 'வேதக்காரரு பைபிள் கணக்கா போர்டுல சங்கீதம் வாசிக்காருடே'ன்னு பயலுவ கேலி பண்ணுவானுவ. சிரிச்சிக்கிட்டே படிப்பாரு.

வெறுந்தாளுல கையெழுத்துக் கேட்ட முதல் மாசம், எம்பத்துமூணு பேரு ஒரு வார்த்தை கேக்கல. இவரு மட்டும் பேனாவை வச்சுட்டாரு. 'சார், என்னத்தைப் படிச்சேன்னு போட? தாளு வெறுசா கெடக்கே'ன்னு கேட்டாரு. பின்னால வரிசை நிக்கி, சத்தம் போடுதானுவ. எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. 'என்ன ஞானதுரை, நம்ம மேல நம்பிக்கை இல்லையா? முக்கியமா ஏதாவது வந்தா நானே உங்களைக் கூப்பிட்டுச் சொல்லமாட்டேனா'ன்னேன். என் மூஞ்சியையே பாத்தாரு. 'சார் சொன்னா சரி'ன்னு சொல்லி, இருபதுலயும் போட்டாரு. அழகான கையெழுத்து அண்ணாச்சி, முழுப் பேரையும் எழுதுவாரு. அதுக்கப்புறம் ஒண்ணாம் தேதி ஆனா ஒண்ணும் கேக்கமாட்டாரு.

நானும் சொல்லணும்னுதான் நெனைச்சேன். சத்தியமா.

போன ஐப்பசியில பன்னெண்டாந் தேதி ஒரு சர்க்குலர். வன்னியோடைத் தரைப்பாலத்துல அடிமண்ணு அரிச்சுட்டு, நாளையில இருந்து பஸ்ஸு அது மேல போகக்கூடாது, விலக்கு ரோட்டுல திரும்பிச் சுத்திப் போவணும்னு. அன்னைக்குக் கட்டுல ஒம்பது சர்க்குலர் இருந்துச்சு பாத்துக்கிடுங்க. ஒம்பதுக்கும் நம்பர் எழுதி, சீல் குத்தி, நாலு மணி வண்டியில ஒப்புகையை ஏத்திட்டேன். சர்க்குலரைக் கோப்புல வச்சேன்.

போர்டுலயா? போர்டுல எதுக்கு ஒட்டணும்? கையெழுத்து வாங்கதுக்குத்தானே ஒட்டுவோம். அதுதான் வாங்கியாச்சுலா.

என்ன அப்படிப் பாக்கீய? ஒம்பதையும் எழுத்து எழுத்தா நான் படிச்சுக்கிட்டு இருந்தா ஒப்புகை யாரு அனுப்புவா? பொருள் என்னன்னு மேலாப்புல பாப்பேன். 'பொருள்: தடம் – பராமரிப்பு – அறிவுரைகள் – தொடர்பாக'ன்னு இருந்தா நான் என்ன கண்டேன்? பாலம்னு ஒரு வார்த்தை பொருள்ல போட்டிருக்கலாம்லா அந்த எழுதுனவன்? அவனை யாரும் கேக்கல.

நாலு நாளு எல்லா வண்டியும் அந்தப் பாலத்து மேலதான் போச்சு. ஒண்ணும் ஆகல. ஞானதுரை பத்தாந் தேதியில இருந்து பதினாறு வரைக்கும் லீவு. அவரு சம்சாரம் ரூபிக்குக் கண்ணு ஆபரேசன். பதினேழாந் தேதி காலையில டூட்டிக்கு வந்தாரு. வழக்கம்போல போர்டைப் படிச்சாரு. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். லீவுல விட்டதையும் சேத்துப் படிக்கணும்னு ரொம்ப நேரம் நின்னாரு. வணக்கம் சார்ன்னாரு, வணக்கம்னேன். வண்டியை எடுத்துட்டுப் போனாரு.

முந்தின ராத்திரி மழை. ஓடையில தண்ணி கம்மிதான். பாலத்துல பாதி போனதும் பின்சக்கரம் பொத்துன்னு உள்ள போயிட்டு. வண்டி ஒருச்சாஞ்சு நிக்கி. முப்பத்தொரு பேரு உள்ள. மனுசன் பிரேக்கை விடல. எல்லாரும் அவசர வழியில எறங்குற வரைக்கும் காலை எடுக்காம இருந்திருக்காரு. கண்டக்டரு வெள்ளப்பாண்டிக்கு இடுப்பெலும்பு. ஒரு டீச்சரம்மாவுக்குக் கை. உயிருக்கு ஒண்ணும் இல்ல, கடவுள் இருக்கான். வெள்ளப்பாண்டி இன்னும் கம்பு ஊணித்தான் நடக்கான்.

அப்புறம் என்ன? 'சுற்றறிக்கையைப் படித்துப் புரிந்துகொண்ட பின்னரும் தடை செய்யப்பட்ட பாலத்தில் பேருந்தை இயக்கிய குற்றம்.' சஸ்பென்சன். விசாரணை. ஆவணம் எது? ஒப்புகைத் தாளு. சாட்சி யாரு? நான்தான்.

ஒரு பொய் சொல்லல அண்ணாச்சி. அதை மட்டும் நல்லாக் கேட்டுக்கிடுங்க. விசாரணை அதிகாரி கேட்டாவ, 'இது ஞானதுரையின் கையெழுத்துதானா?' ஆமா. 'உங்கள் முன்னிலையில் போட்டாரா?' ஆமா. ரெண்டும் உண்மை. 'எந்தத் தேதியில போட்டாரு'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அவிய கேக்கல. தாளுல பன்னெண்டுன்னு சீல் இருக்கு, பன்னெண்டுல அந்த ஆளு லீவு. லீவு ரிஜிஸ்டரு என் மேசையிலதான் கெடக்கு. கேட்டா எடுத்துக் குடுத்திருப்பேன். கேக்காததைச் சொல்லதுக்கு ஆபீஸ்ல பழக்கம் இல்ல பாத்துக்கிடுங்க. அது மரியாதைக் குறைவு.

கடைசியில ஞானதுரையைப் பாத்து, 'சாட்சியிடம் ஏதாவது கேட்க வேண்டுமா'ன்னாவ. அவரு எந்திரிச்சாரு. என்னைப் பாத்தாரு. வெறுந்தாளுன்னு ஒரு வார்த்தை அவரு வாயில வந்தா நான் காலி, பதினோரு டெப்போவும் காலி. அவரு சொன்னாரு, 'நான் கேக்கதுக்கு ஒண்ணும் இல்ல சார். கோமதிநாயகம் சாருக்கு எல்லாம் தெரியும்.' அவ்வளவுதான். உக்காந்துட்டாரு.

நல்ல மனுசன். என்னைக் காட்டிக் குடுக்கல. அதுக்கு நான் கடமைப்பட்டிருக்கேன். ஆனா அப்படி ஏன் சொன்னாரு? எனக்கு எல்லாம் தெரியும்னா என்ன அர்த்தம்? அன்னையில இருந்து சோறு எறங்க மாட்டேங்கு. அவரே சொல்லியிருக்கலாம்லா? வாய் இருக்கு. எம்பத்துமூணு பேரும் சொல்லியிருக்கலாம். டெப்போவுல பேச்சு வந்தப்ப எல்லாப் பயலும் தரையைப் பாத்துக்கிட்டு நின்னானுவ. நான் மட்டும்தான் சொல்லணுமா?

இது எந்த ஊரு? அதுக்குள்ள பெருமாள்விலக்கா? இவன் எதுக்கு இப்படி வெரட்டுதான்.

ரூபி வீட்டுக்கு வந்தா. கண்ணுல இன்னும் அந்தக் கறுப்புக் கண்ணாடி. என் பொஞ்சாதி காப்பி குடுத்தா, குடிக்கல. 'நீங்க ஒரு லெட்டரு எழுதிக் குடுத்தாப் போதுமாம் சார், சங்கத்துல சொல்லுதாவ. வெறுந்தாளுல வாங்கினதுன்னு. நீங்கதான் வாங்குனீயளாம். எங்க வீட்டுக்காரவிய உங்களைக் குத்தம் சொல்லவே மாட்டேங்காவ சார். நான்தான் கேக்கேன்'ன்னா. பாப்போம்மான்னேன். வாசல் வரைக்கும் கூடப் போய் வழி காட்டிவிட்டேன். படி தெரியல பாவம்.

எழுதுனேன் அண்ணாச்சி! எழுதாம இல்ல. ஞாயித்துக்கெழமை உக்காந்து நாலு தடவை அடிச்சுத் திருத்தி எழுதுனேன். எல்லாம் இருக்கு அதுல. வெறுந்தாளு, சீலு, லீவு, போர்டுல ஒட்டாதது. இந்தா, சட்டைப் பையில. பதினெட்டு நாளா இங்கதான் இருக்கு, வேர்வையில ஓரம் பிஞ்சிட்டு. கையெழுத்து மட்டும்தான் போடல. என்ன இருந்தாலும் கையெழுத்து போட்டா போட்டதுதான்லா. ஒண்ணுக்கு நாலு தடவை படிச்சு, யோசிச்சுத்தான் போடணும்.

இன்னைக்குக் காலையில மண்டல ஆபீசுக்குப் போனேன். வியாழக்கெழமை தபால் நாள். தபால் பிரிவுல உள்ளவரு, 'உங்க டெப்போவுல இருந்து குடுக்க ஏதும் இருக்கா'ன்னு கேட்டாரு. கை சட்டைப் பைக்குள்ள போயிட்டு அண்ணாச்சி. விரல்ல தாளு படுது. 'இல்ல'ன்னு வாயி சொல்லிட்டு. அவரு ரிஜிஸ்டரைத் திருப்பி, இந்தக் கவரை எடுத்துத் தந்தாரு. இந்தா பாருங்க. 'திரு. ஞானதுரை, ஓட்டுநர், வேலங்குளம் கிளை. நேரில் சார்வு செய்து ஒப்புகை பெற்று அனுப்பவும்.' ஒட்டியிருக்கு. உள்ள என்னன்னு எனக்குத் தெரியாது. தெரியும். தபால் பிரிவு ஆளே சொன்னாரு. பணிநீக்கம். பென்சன் கின்சன் எல்லாம் போச்சு. பதினோரு மாசம் இருக்கையில.

பணிநீக்க உத்தரவை நேருல கையில குடுத்துச் சார்வு செய்யதுக்கு டெப்போ கண்காணிப்பாளர்தான் போவணும். வேற ஆளு கிடையாது. என் வேலையே அதுதான. மேல உள்ளதைக் கீழ சேக்கது. முப்பத்தோரு வருசமா ஒரு தாளு என் கையில தங்குனது இல்ல.

வீட்டுக்குப் போய்க் குடுக்க மனசு வரல. ரூபி கதவைத் தொறப்பா. அதான் போன் பண்ணி, 'ஞானதுரை, அஞ்சு மணிக்கு பஸ் ஸ்டாண்டுல நில்லுங்க, ஒரு தபால் இருக்கு'ன்னேன். 'நல்ல தபாலா சார்?'ன்னு கேட்டாரு. நான் என்ன சொல்ல? 'வாங்க, பாத்துக்கிடலாம்'னேன். 'சார் ஏதாவது எழுதிக் குடுத்தீயளா'ன்னு மெதுவா ஒரு வார்த்தை கேட்டாரு. டவர் கிடைக்கல. இல்ல, கிடைச்சுது. நான்தான் வச்சுட்டேன்.

வந்துட்டு. வேலங்குளம் வந்துட்டு அண்ணாச்சி.

அந்தா நிக்காரு பாருங்க. டைம் ஆபீசு பக்கத்துல, வெள்ளைச் சட்டை. தேய்ச்சுப் போட்டுட்டு வந்திருக்காரு. சட்டைப் பைக்குள்ள கண்ணாடி வச்சிருக்காரு, தெரியுதா? ஒவ்வொரு ஜன்னலா பாக்காரு. தலையைக் குனியுங்க. இல்ல, நீங்க எதுக்குக் குனிய? நான்தான்.

நீங்க இங்கனதான எறங்குதீய? ஒரே ஒரு உதவி. தப்பா நெனைக்காதீய. இந்த வண்டி ஆளை எறக்கிட்டு டெப்போவுக்குத்தான் போவும், டீசல் போடணும். நான் இப்படியே உக்காந்து போயிருதேன். இந்தக் கவரை அவருகிட்ட குடுத்துருங்க. கோமதிநாயகம் சாருக்குத் திடீர்னு உடம்புக்குச் சுகமில்லன்னு சொல்லுங்க. பொய் இல்ல, தொட்டுப் பாருங்க.

லெட்டரையுமா? அதுல கையெழுத்து இல்லையே அண்ணாச்சி. கையெழுத்து இல்லாத லெட்டரைக் குடுத்து என்ன செய்ய? நாளைக்குப் பாப்போம். நாளைக்குப் போடுதேன்.

இந்தா, இது ஒப்புகைச் சீட்டு. இந்தா பேனா. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கிடுங்க. அவரு கவரை வாங்குன உடனே கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் படிக்க நின்னுருவாரு. விடாதீய. முதல்ல கையெழுத்தை வாங்கிருங்க. அதுக்கப்புறம் படிக்கட்டும்.